நடுச்சுவர்

கடல் வந்து போன பிறகு எங்கள் வீட்டை அளக்க வந்த ரீ.ஓ. என்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, இது ஒரு வீடா, ரெண்டு வீடா?"

எங்கள் குடும்பத்தில் அந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருந்தது.

வீடு மட்டக்களப்பில், குருக்கள்மடத்துக்குக் கிட்ட, பிரதான வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. ஐம்பதுகளில் அம்மாவின் கலியாணத்துக்காக அவவின் தகப்பன் கட்டியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவான். அந்தக் காலத்துப் புதுமோஸ்தர் வீடு அது. முன்விறாந்தை அரைவட்டமாக வளைந்திருக்கும். தரை சிவப்புச் சீமெந்து. யன்னல்களுக்கு மேலே காற்று வர ஓட்டை வைத்த பூக்கற்கள். புத்தகமும் விளக்கும் வைக்கச் சுவரிலேயே வார்த்த சீமெந்துத் தட்டுகள். முன்கதவைத் திறந்தால் பின்கதவு வரை ஒரே நீள மண்டபம். அதன் நடுத்தரையில் கறுப்புச் சீமெந்தால் எட்டு முனை நட்சத்திரம் ஒன்று பதித்திருந்தார்கள்.

அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். அக்காவுக்கு ஒரு வீடு, எனக்கு ஒரு வீடு கொடுக்க வேண்டும். அப்பாவின் கிளாக்கர் சம்பளத்தில் இரண்டாவது வீடு எழும்பவில்லை. எனக்குக் கலியாணம் சரிவந்தபோது அம்மா மண்டபத்தின் குறுக்கே ஒரு சுவர் வைப்பித்தா. முன்பாதி அக்காவுக்கு, கடல் பார்த்த பின்பாதி எனக்கு. சுவர் நட்சத்திரத்தின் நடு வயிற்றில் ஏறி நின்றது. நாலு முனை அங்கே, நாலு முனை இங்கே.

அம்மா மேசனுக்கு ஒரு கட்டளை போட்டிருந்தா: கூரையைத் தொடக் கூடாது. கூரையைப் பிரித்தால் பிள்ளைகள் பிரிந்துபோவார்கள் என்பது அவவின் எண்ணம். அதனால் சுவர் முகட்டுக்குக் கீழே ஓர் ஆள் உயரம் விட்டு நின்றுவிட்டது. தரையைக் கொத்தவும் அவவுக்கு மனம் வரவில்லை. அத்திவாரம் இல்லாமல், மினுக்கிய சிவப்புத் தரைமேல் நேரே கல் அடுக்கினார்கள்.

மேலே திறந்திருந்தபடியால் சத்தம் எல்லாம் போய் வந்தது. மச்சானின், அதாவது அக்காவின் கணவரின், குறட்டை என் பக்கம் வரும். எங்கள் சண்டை அவர்கள் பக்கம் போகும். என் கணவரை நான் ஏசிக்கொண்டிருக்கையில் இடையில் நிறுத்தினால், சுவருக்கு அப்பால் இருந்து அக்கா சொல்லுவா: "மிச்சத்தையும் சொல்லுகா. கேட்டுக்கொண்டுதான் இரிக்கன்."

அம்மாவும் அப்பாவும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடல் வந்த காலையில் எங்கள் வளவில் யாரும் சாகவில்லை. பக்கத்து வளவுகளில் செத்தார்கள். அதைச் சொல்லாமல் ஒரு வீட்டைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டு போக எனக்கு மனம் வராது. நாங்கள் வீதிக்கு ஓடி, அங்கிருந்து வாவிப் பக்கம் போய், நாலாம் நாள் திரும்பி வந்து பார்த்தோம். என் குசினி இல்லை. கடல் பக்கச் சுவர் இல்லை. என் இரண்டு அறைகளும் யன்னல் உயரத்துக்கு நின்றன. முகட்டு வளை மட்டும் தூண்களின் மேல் முன்பாதியிலிருந்து பின்பாதி வரை முறியாமல் நின்றது. அக்காவின் பக்கத்தில் சேறும், உடைந்த கதவுகளும், வெடிப்புகளும். நடுச்சுவர் முழுதாகப் பெயர்ந்து அக்காவின் பக்கம் மல்லாந்திருந்தது. அத்திவாரம் இல்லாத சுவர் நின்றிருந்தால்தான் அதிசயம். அது நின்ற இடத்தில் ஒரு முழ அகலத்துக்குச் சாந்து ஒட்டிய கரடுமுரடான பட்டி. அதன் இரண்டு பக்கமும் நட்சத்திரம்.

பிறகு அரசாங்கத்தின் விதி வந்தது. கடலிலிருந்து ஒரு தூரத்துக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. அந்தத் தூரத்துக்குள் இருக்கும் வீடு பகுதிச் சேதம் என்றால் திருத்தி இருக்கலாம். முழுச் சேதம் என்றால் காணியை விட்டுப் போக வேண்டும், கடலை விட்டு உள்ளே தள்ளி வேறிடத்தில் புதுவீடு தருவார்கள். நான் அப்போது கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு மட்டக்களப்புச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தச் செய்தியை அனுப்பியதும் நான்தான். மூன்று பந்தி. மூன்றாவது பந்தி என் வீட்டைப் பற்றியது என்பது ஆசிரியபீடத்துக்குத் தெரியாது.

ஊரில் எல்லோரும் கூடின சேதம் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். பக்கத்து வளவுக்காரர் உத்தியோகத்தர் வருவதற்கு முதல் நாள், நின்றுகொண்டிருந்த ஒரே சுவரையும் தானே தள்ளி விழுத்தினார். அவருக்குக் கூடாரத்தில் சின்னப் பிள்ளைகள். பிழை சொல்ல நான் யார்? ஆனால் என் சேதத்தைக் குறைத்து எழுதுங்கள் என்று நின்றவள் நான் ஒருத்திதான். "பேப்பர்க்காரிக்கு மண்டை குழம்பிற்று" என்று தண்ணீர்த் தாங்கியடியில் கதைத்தார்கள்.

குழம்பவில்லை. புதுவீட்டுப் பத்திரம் குடும்பத் தலைவரின் பேரில் வரும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். நான் எழும்பி, "ஆர் குடும்பத் தலைவர்?" என்று கேட்டேன். சொன்னவர் சிரித்தார். "உங்கட அவர்தானே தங்கச்சி." கூட்டம் முழுக்கப் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் அநேகமானோர் தாய்வழியில் வந்த வீட்டில் இருந்தவர்கள். ஒருத்தியும் எழும்பவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் கூரை தேவையாக இருந்தது.

என் கணவர் ஆசிரியர், சாதுவான மனுசன். வரும் வழியில் சொன்னார்: "என்ட பேரில வந்தா என்ன, உன்ட பேரில வந்தா என்ன? எல்லாம் ஒண்டுதானே."

"எல்லாம் ஒண்டெண்டா என்ட பேரில எழுதச் சொல்லுங்களன்."

அவர் சைக்கிளில் இருந்து இறங்கி உருட்டிக்கொண்டு வந்தார். யோசிக்கிறார் என்று அர்த்தம். வளவு வாசல் கடப்படிக்கு வந்ததும், "நீ சொல்றது சரிதான்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை.

ஆக, உத்தியோகத்தரின் கேள்வி எனக்குச் சின்னக் கேள்வி இல்லை. இரண்டு வீடு என்று எழுதினால் முன்பாதி பகுதிச் சேதம், அக்கா இருக்கலாம். பின்பாதி முழுச் சேதம், நான் போக வேண்டும். ஒரு வீடு என்று எழுதினால் இரண்டையும் சேர்த்து அளந்து, பகுதிச் சேதம் என்று வர இடமிருந்தது. வராமல் போகவும் இடமிருந்தது.

அதைத்தான் மச்சான் பிடித்துக்கொண்டார். அவர் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர், நட்டத்தை முதலில் பார்ப்பவர். "ரெண்டையும் ஒண்டா அளந்து முழுச் சேதம் எண்டு எழுதிப்போட்டா? உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. என்ட பாதி நிண்டுகொண்டு இரிக்கு. அதைக் கொண்டுபோய் உன்ட இடிஞ்ச பாதியோட எனத்துக்குக் கட்டோணும்?"

அவர் சொன்னது நியாயம். அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தா, திரும்பவில்லை.

உத்தியோகத்தர் இளம் பொடியன். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அளவுநாடாவைச் சுருட்டினான். "நான் மறுகா வாறன். அதுக்குள்ள உங்களுக்குள்ள கதைச்சு ஒரு முடிவெடுங்க."

அடுத்த கிழமை நகரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். பின்னேரம் எங்கோ குண்டு வெடித்து, பாலத்தடியில் வீதியை மூடிவிட்டார்கள். அன்று சினேகிதி வீட்டில் தங்கி அடுத்த நாள் வந்து பார்த்தால், மண்டபத்தின் நடுவில் சுவர். அதே இடத்தில், நட்சத்திரத்தின் மேல், நெஞ்சு உயரத்துக்கு. கக்கூஸ் கட்டுவதற்கென்று ஒரு நிறுவனம் தந்த சீமெந்துக் கற்கள் எல்லாம் அதில் இருந்தன.

காத்தான்குடியிலிருந்து வந்த முஸ்லிம் மேசன், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். மச்சான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார்.

"காக்கா, ஆரு கட்டச் சொன்ன?"

"மச்சான்தான் தங்கச்சி. எனக்கென்ன? கட்டச் சொன்னாக் கட்டுவன். இடிக்கச் சொன்னா அதுக்கும் கூலி இரிக்கு."

"ரீ.ஓ. வந்து பாக்கக்குள்ள ரெண்டு வீடாத் தெரியோணும்" என்றார் மச்சான், என்னைப் பார்க்காமல். "உனக்குப் புதுவீடு கிடைக்கும். நான் உனக்குக் கெடுதலா செய்றன்?"

தேத்தண்ணீர்த் தட்டோடு அக்கா வந்தா. தட்டைப் புதுச்சுவரின் மேல் வைத்தா. ஈரச் சாந்தில் தட்டு ஒரு பக்கமாகப் புதைந்தது.

"ஒண்டு கேக்கன்" என்றா மச்சானிடம். "இவள் போனா பின்பக்கம் ஆருக்கு?"

"அரசாங்கத்துக்கு."

"அப்ப எனக்குப் பின்கதவு?"

மச்சான் தேத்தண்ணீருக்குக் கை நீட்டினார்.

"நாளைக்கு என்ட மகளுக்குக் கலியாணம் பேசக்குள்ள, பின்கதவு இல்லாத அரை வீட்டையா குடுக்கப் போறன்?" அக்காவின் குரல் உயரவில்லை. எங்கள் வீட்டில் கோபம் கூடும்போது சத்தம் குறையும். "உடுப்புப் பெட்டியோட வந்த ஆள் என்ட வீட்டுக்க சுவர் கட்டுறாராம். கேட்டீங்களா காக்கா?"

"நான் கேக்கல்ல" என்றார் காக்கா. அவசரமாகத் தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனார்.

அவருடைய அலவாங்கு, அதாவது கடப்பாரை, தூணில் சாத்தியிருந்தது. அக்கா அதை எடுத்தா. சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மேல்வரிசைக் கல்லுக்குக் கீழே அதன் முனையைக் கொடுத்துக் கிளப்பினா. சாந்து இன்னும் இறுகவில்லை, கல் முழுதாகக் கழன்று வந்தது. நான் வாங்கிக் கீழே வைத்தேன். அடுத்தது. மச்சான் எழும்பினார், பிறகு கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். விறாந்தையிலிருந்து காக்கா கத்தினார்:

"அக்கா, மூலையை உடைக்காமக் கழட்டுங்க! கல்லுத் திருப்பிப் பாவிக்கலாம்!"

அக்கா அதற்குப் பிறகு கவனமாகக் கழற்றினா. ஒரு கல்கூட உடையவில்லை. அந்தக் கற்களில்தான் பிறகு கக்கூஸ் கட்டினோம்.

உத்தியோகத்தர் திரும்பி வந்தபோது அக்கா நட்சத்திரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தா. நான் வாய் திறக்க முதல் சொல்லிவிட்டா: "தம்பி, ஒரு வீடு."

"ரெண்டு குசினி எண்டு போன தரம் குறிச்சிரிக்கன் அக்கா."

"ஒண்டு. மற்றதைக் கடல் கொண்டு போயிற்று."

"கரண்ட் மீட்டர் ரெண்டு?"

"அதையும் கொண்டு போயிற்று."

"ரெண்டு குடும்பம் இரிக்கிதானே?"

"சட்டியைத் திறந்து பாருங்க. ஒரு சட்டிக் கறிதான். ரெண்டு குடும்பம் ஒரு சட்டியில தின்னுமா?"

அவன் சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டான். அண்ணாந்து பார்த்தான். முன் விறாந்தைக்கு மேலே தொடங்கிய முகட்டு வளை, நடுவில் எங்கும் நிற்காமல், கடல் பக்கம் வரை போனது. அம்மா தொட விடாத கூரை. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இரண்டு பாதியையும் சேர்த்து அளந்தான். மச்சான் கடப்படியில் நின்று அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். அக்கா மட்டும் பார்க்கவில்லை.

பகுதிச் சேதம்.

"வெளியில ஒரு கல்லுக் கூட்டி வைக்கக் கூடாது" என்றான் போகும்போது. "அத்திவாரம் எங்க நிக்கிதோ அங்கதான் சுவர். உள்ளுக்க நீங்க என்ன செய்தாலும் எனக்குத் தெரியத் தேவையில்ல."

உள்ளுக்குள் என்ன செய்தாலும். நாங்கள் அந்த வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம். பழைய அத்திவாரத்தின் மேல் பழைய சுவர்களை எழுப்பினோம். உள்ளே எல்லாவற்றையும் மாற்றினோம். அக்காவின் களஞ்சிய அறை இரண்டு பேருக்கும் ஒரே குசினி ஆனது. பின்பக்கம் என் பழைய குசினி நின்ற இடத்தில் வெறும் முற்றம். அறைகளின் கதவுகளை எல்லாம் மண்டபத்துக்குத் திருப்பினோம். வெளிக்குத் திறக்கும் அறை ஒன்றும் வைக்கவில்லை. சீமெந்துத் தட்டுகளில் தப்பியவற்றை விட்டோம். உடைந்தவற்றை அதே அளவில் திரும்ப வார்த்தோம். பூக்கற்கள் எங்கும் கிடைக்கவில்லை. ஏறாவூரில் இடித்த ஒரு பழைய கட்டடத்திலிருந்து கொஞ்சம் எடுத்து வந்தோம். கோலம் வேறு. பரவாயில்லை, காற்று ஒன்றுதான்.

கடல் பக்க யன்னலில் பெரிய சண்டை. கரையில் திருத்திய வீடுகளில் கடல் பக்கத்தை மூடிக் கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க முடியவில்லை என்றார்கள். எனக்கு அது விளங்கியது. என் கணவரும் மூடத்தான் சொன்னார். நான் முன்பு இருந்த யன்னலைவிட இரண்டு மடங்கு அகலத்தில் ஒன்று கேட்டேன். வருவது என்னவென்றாலும் முதலில் நான் காண வேண்டும் என்றேன். ஓடாவி, அதாவது மரவேலைக்காரர், உடைந்த கதவுப் பலகைகளை இழைத்து அதைச் செய்து தந்தார். நாலு கதவு யன்னல். இரண்டு கதவில் பழைய பூட்டுத் துளை இன்னும் இருக்கிறது.

தரைக்கு டைல்ஸ் போடச் சொல்லிக் காக்கா நின்றார். "காத்தான்குடியில போய்ப் பாருங்க தங்கச்சி, சிவப்புத் தரை வச்சிரிக்கிற ஒரு வீடு காட்டுங்க பாப்பம்."

"அதனாலதான் இங்க வச்சிரிக்கிறம். நீங்க வந்து பாக்கலாம்."

நடுச்சுவர் நின்ற பட்டியை அவர் சிவப்புப் போட்டு மெழுகினார். பழைய சிவப்பு வரும் என்று சத்தியம் பண்ணினார். காய்ந்த பிறகு ஈரல் நிறம் வந்தது. நட்சத்திரத்தின் கறுப்பும் அந்த இடத்தில் சாம்பலாகிவிட்டது. இரண்டு தரம் திரும்பச் செய்தும் அதே ஈரல். "பழைய சீமெந்து இப்ப வாறல்ல" என்று கடைக்காரனில் பழியைப் போட்டுவிட்டுக் காக்கா போய்விட்டார். அலவாங்கை மறந்து விட்டுப் போனார்.

ஒரு விசயம் நான் பத்திரிகையில் எழுதியதில்லை. சுவர் போன பிறகும் கன நாளாக அக்கா கூட்டும்போது அந்த ஈரல் பட்டி வரைக்கும்தான் கூட்டுவா. குப்பையை அங்கே குவித்துவிட்டு, "இனி உன்ட பக்கம்" என்பா. நான் அதை எடுத்துத் திரும்ப அவவின் பக்கம் தள்ளுவேன். மச்சான் மாதக் கணக்கில் என்னோடு கதைக்கவில்லை. ஒரு நாள் கதிரையைத் தூக்கிக்கொண்டு பட்டியைத் தாண்டி வந்தார். கடல் யன்னலடியில் போட்டு இருந்து பேப்பரை விரித்தார்.

"இங்கதான் காத்து வருது" என்றார், பேப்பருக்குள்ளிருந்து.

"கடலில இருந்துதான் வருது மச்சான்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

உள்பூச்சு வேலை முடியும் முன்பே யுத்தம் திரும்பத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சீமெந்துப் பைக்கும் சோதனைச்சாவடியில் ஏன், எதற்கு, எங்கே என்று சொல்ல வேண்டும். ஷெல்கள் வாவிக்கு மேலால் அக்கரையான படுவான்கரைப் பக்கம் போனபோது புதுப்பூச்சில் மயிர் போல வெடிப்புகள் ஓடின. நாங்கள் அடைத்தோம், அவை திரும்ப ஓடின, திரும்ப அடைத்தோம். வயல்களையும் மாடுகளையும் விட்டுப் படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து எங்கள் கரைக்கு வந்தபோது, எங்கள் சொந்தக்காரரும் அவர்களோடு வந்தவர்களும் மண்டபத்தில் முன்கதவு முதல் பின்கதவு வரை பாய் போட்டுப் படுத்தார்கள். பட்டிக்கு அங்கால், இங்கால் என்று ஒன்றும் இருக்கவில்லை. கூட்ட இடமே இருக்கவில்லை. அவர்கள் போன பிறகு அக்கா முன்கதவில் தொடங்கி ஒரே இழுப்பில் பின்கதவு வரை கூட்டினா. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவா.

யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்ன நாளில் வீதியில் வெடி கொளுத்தினார்கள். வீட்டுக்கு வீடு கொடி கட்டச் சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா முழங்காலில் இருந்து தரைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தா. "கை ஊத்தையா இரிக்கு" என்றா. அன்று முழுக்க அவவின் கை கழுவப்படவில்லை.

அதற்குப் பிறகு அக்காவின் மகளுக்குக் கலியாணம் பேசத் தொடங்கினோம். முதலில் வந்தவர்கள் பிரதான வீதிக்கு அந்தப் பக்கத்து ஆட்கள், நல்ல மனிதர். மாப்பிள்ளையின் தாய் மண்டபத்தில் நடந்தா. யன்னலைப் பார்த்தா, குசினியைப் பார்த்தா. நட்சத்திரத்துக்குக் கிட்ட வந்ததும் நின்று, ஈரல் பட்டியைக் காலால் தடவினா.

"இதில முந்திச் சுவர் இரிந்ததா?"

"ஓம்" என்றா அக்கா.

"நல்ல இடம். இதில திரும்ப ஒண்டு வச்சா ரெண்டு வீடு வரும். பிள்ளைக்குத் தனி வீடு எண்டு குடுக்கலாம்தானே."

மச்சான் தொண்டையைச் செருமினார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. என் பாதியும் அந்தப் பேச்சில் இருந்தது. பிள்ளைகள் இல்லாத என் பாதி, எனக்குப் பின் இதே பெண்ணுக்குத்தான்.

"வச்சுப் பாத்திட்டம்" என்றார் மச்சான். "நிக்கல்ல."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தா. பிறகு மாப்பிள்ளையின் தாயிடம் சொன்னா: "ஒருக்காக் கடல் உடைச்சிது. ஒருக்கா நான் உடைச்சன். இன்னொருக்கா வச்சா, உடைக்கிறதுக்கு இவள் இரிக்காள்." மகளைக் காட்டினா. "வீடு முழுக்க அவளுக்குத்தான். நாங்களும் இதுக்கதான் இரிப்பம். விருப்பமெண்டா வாங்க."

அவர்கள் பலகாரம் தின்று, தேத்தண்ணீர் குடித்து, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்பவில்லை. அடுத்த வருடம் வேறு இடத்தில் சரிவந்தது. அந்தப் பையன் உடுப்புப் பெட்டியோடு வந்து இறங்கியபோது அக்கா அவனுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினா. கதவுக்குப் பின்னால் காக்காவின் அலவாங்கு சாத்தியிருந்தது. இது எதற்கு என்று அவன் கேட்டான்.

"அது இந்த வீட்டோட சேர்ந்தது" என்றா அக்கா.